பழக்கம் என்கிற வார்த்தை

(மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளர்கள், மாணவர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



உப்பளத்து ஊருக்கு வந்து சிறையைப் பத்திப் பேசறாரேன்னு சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கு, வர்றேன்.

2020 மார்ச் 25இல் ஊரடங்கு போட்டான். வெளியே நாம வேலை போச்சேன்னு தவிச்சோம். உள்ளே இருந்தவர்களுக்கு வேலை நிற்கவில்லை. தமிழ்நாட்டுச் சிறைகளில் கைதிகள் முகக்கவசம் தைத்தார்கள். தையல் மிஷினில் உட்கார்ந்தவர்கள் படம் பேப்பரில் வந்தது. கக்கூசு கழுவியவர்கள் படத்தை யாரும் போடவில்லை.

அந்த வேலையை யாருக்குக் கொடுத்தார்கள்? போய்க் கேட்க வழியில்லை. தொற்றைக் காரணம் காட்டி மனு பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். கைதியை வீட்டார் வந்து பார்ப்பதற்குச் சிறையில் 'மனு' என்றுதானே பேர். அந்த மனு நின்றது. இன்னொரு மனு ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.

அதே 2020 டிசம்பரில் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா 'தி வயர்' செய்தித் தளத்தில் இதைப் போட்டு உடைத்தார். ராஜஸ்தானில் திருட்டு வழக்கில் உள்ளே போன ஓர் இளைஞன். தொழில் எலக்ட்ரீஷியன். சிறைக்குள் நுழைந்ததும் சாதியைக் கேட்டார்கள். அதை வைத்துத்தான் வேலை. பிறகு நிரம்பிய மலக்குழிக்குள்ளும் இறக்கினார்கள்.

ஏதோ ஒரு ஜெயிலர் கெட்டவன், அதனால் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் விதியில் அச்சடித்து இருந்தது. ராஜஸ்தான் விதியில் சமையலுக்குப் பார்ப்பனர் அல்லது போதிய உயர்சாதி இந்து. மேற்கு வங்க விதியில் துப்புரவுக்கு மேத்தர், ஹாரி சாதியார். வெளியே வழக்கப்படி அந்த வேலை செய்கிற சண்டாளரும் சேர்த்தி. உத்தரப் பிரதேசத்தில் இன்னும் நாசூக்கு: வெறுங்காவல் கைதியை இழிவான வேலைக்குக் கூப்பிடக் கூடாது, அதற்குப் 'பழக்கப்பட்ட' சமூகத்தவனாக இருந்தால் ஒழிய!

இந்தப் 'பழக்கப்பட்ட' என்கிற வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீதிமன்றம் உனக்கு வெறுங்காவல்தான் கொடுத்தது, அதாவது உழைப்பு இல்லாத தண்டனை. சிறை விதி அதைத் திருத்தி எழுதியது. உன் அப்பன் என்ன செய்தான் என்பதை வைத்துத் திருத்தியது. எலக்ட்ரீஷியனுக்கு மலக்குழியில் என்ன பழக்கம்?

இங்கே பாத்தியில் செருப்பில்லாமல் நிற்கிறோம். பாதம் வெடிச்சு, அந்த வெடிப்பில் உப்புத்தண்ணி இறங்குது. வெள்ளை வெயிலில் கண்ணு கூசிக் கூசிப் பார்வை மங்குது. பூட்ஸ் கேட்டால் என்ன சொல்றான்? 'அவங்களுக்குப் பழக்கம்தாங்க.' நாமளும் பழகிப்போச்சுன்னு சொல்றோம், இல்லேங்கல. ஆனா நாம சொன்னா அது அலுப்பு. அவன் சொன்னா அது வேலை உத்தரவு.

சுகன்யா சாந்தா உச்ச நீதிமன்றம் போனார். 2024 அக்டோபர் 3இல் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. சாதி பார்த்து வேலை கொடுப்பது அரசியல் சட்டப் பிரிவு 17இன் தீண்டாமை, பிரிவு 23இன் கட்டாய உழைப்பு. எந்தச் சமூகமும் துப்புரவுக்கென்று பிறப்பதில்லை. பதிவேட்டில் சாதி என்கிற கட்டமே இருக்கக் கூடாது. மூன்று மாதத்தில் விதிகளைத் திருத்து. டிசம்பர் 30இல் ஒன்றிய உள்துறையும் மாதிரிச் சிறைக் கையேட்டைத் திருத்தியது; கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சிறைக்குள்ளும் செல்லும் என்று சேர்த்தது.

வடக்கே நடக்கிற கதை என்று தட்டிக்கழிக்க முடியாது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் தேவர், நாடார், பள்ளர் என்று தனித்தனிப் பகுதியில் அடைப்பதை அந்த மனுவிலேயே சொல்லியிருந்தது. மோதலைத் தடுக்கத்தான் பிரிக்கிறோம் என்றது நம் அரசு. சென்னை உயர் நீதிமன்றம் முன்பு அதை ஏற்றும் கொண்டது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பெரியார் மண் என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் இதைப் பேசினதா நான் கேட்டதில்லை.

நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள் இருக்கிற நாடு இது. அவர்களை வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தவே முடியாது. ஆனால் உள்ளே போனவனுக்கு அது தெரியாது. வெளியே இருக்கிற நாமதான் சொல்லணும்.

மாணவர்கள் ஒன்று செய்யுங்கள். நமக்குப் பக்கம் கடலூர் மத்திய சிறை. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதிவேட்டில் சாதிக் கட்டத்தை எந்தத் தேதியில் எடுத்தீர்கள்? கழிவறை வேலைக்கு ஆளை எப்படித் தேர்வு செய்கிறீர்கள்? கையுறை, பூட்ஸ் வாங்கிய கணக்கு எங்கே? சாதிப் பாகுபாடு இருக்கிறதா என்று மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு சிறைக்குள் போய்ப் பார்க்கணும்னு தீர்ப்பிலேயே இருக்கு. போனார்களா, என்ன எழுதினார்கள் என்றும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வரணும். வராவிட்டால் மேல்முறையீடு. பதிலை எடுத்துக்கொண்டு இங்கே வாங்க, உட்கார்ந்து படிப்போம்.