புதுச் சாலையும் ஒரு கணக்கும்

சாலையில் நெரிசலா, இன்னொரு சாலை போடு என்போம். நாமும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஒரு கணக்கு அந்த எண்ணத்தை மாற்றிற்று. தாளும் பென்சிலும் அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் 4000 கார்கள் நகருக்குப் போகவேண்டும். வழிகள் இரண்டு. ஒன்றில் முதலில் குறுகிய பாலம், பிறகு அகன்ற சாலை. மற்றதில் முதலில் அகன்ற சாலை, பிறகு பாலம். அகன்ற சாலைக்கு எப்போதும் 45 நிமிடம். பாலத்திலோ எத்தனை நூறு கார்களோ அத்தனை நிமிடம். பாதிப் பாதியாகப் பிரிந்தால் 20-உம் 45-உம், ஆக 65 நிமிடம்.

இப்போது இரு வழிகளையும் நடுவில் இணைத்து, முதல் பாலத்திலிருந்து இரண்டாம் பாலத்துக்கு ஒரு குறுக்குச் சாலை போடுகிறார்கள். அதைக் கடக்க நேரமே ஆகாது என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் காரும் ஒரே பாலத்தில் போனாலும் 40 நிமிடந்தானே என்று ஒவ்வொருவரும் இரு பாலங்களையும் பிடிக்கிறார். நாற்பதும் நாற்பதும் எண்பது! ஒருவர் மட்டும் பழைய வழிக்குத் திரும்பினால் அவருக்கு 85. ஆகவே எவரும் திரும்பார். இவ்வகைப் புதிரை 1968இல் காட்டியவர் ஜெர்மானியக் கணித அறிஞர் டீட்ரிஷ் பிரேஸ்.

கரும்பலகையில் இதைப் போட்டபோது ஒரு சிறுவன், "எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளலாமே, சார்" என்றான். நல்ல கேள்விதான், 4000 பேர் தினமும் எங்கே கூடிப் பேசுவது?

சரி, பேருந்தைக் கணக்கில் சேர்ப்போம். காருக்கு ஒருவர் என்று கொள்ளுங்கள். 800 பேர் காரை விட்டு 20 பேருந்துகளில் ஏறுகிறார்கள். ஒரு பேருந்தை இரண்டு காராக எண்ணினாலும் பாலத்தில் 3240 கார்தான். இரு பாலங்களுக்கும் 64.8 நிமிடம். பேருந்தில் ஏறாதவருக்கும் அந்த இலாபம் கிடைப்பதால், தாமாக முன்வந்து ஏறுபவர் அரிது.

சிங்கப்பூர் இதற்குக் கட்டணத்தைக் கையாண்டது. 1975 ஜூன் 2 முதல், காலை 7.30க்கும் 9.30க்கும் இடையே நகர மையத்துக்குள் நுழையும் காருக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளிச் சீட்டு. நால்வர் ஏறிய காருக்கும் பேருந்துக்கும் சீட்டு வேண்டியதில்லை. அந்நேரத்தில் நுழைந்த கார்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்தன. வசதியுள்ளவருக்கு 3 வெள்ளி பெரிதன்று என்ற குறை நமக்கு உண்டு. சாமர்த்தியசாலிகளோ 9.30 அடிக்கும்வரை காத்திருந்து நுழைந்தனர்! ஆகஸ்டிலேயே நேரத்தை 10.15 வரை நீட்ட வேண்டியதாயிற்று. 1998இல் சீட்டு போய், நேரத்துக்கேற்ப மாறும் மின்னணுக் கட்டணம் வந்தது.