முதுகுத் தண்டும் மூன்று கண்களும்



நாற்காலியே கதியாகப் பேரேடு எழுதும் ரயில்வே குமாஸ்தாக்களாகிய நமக்கு, இடுப்பிலிருந்து கால்வரை சுண்டியிழுக்கும் நரம்புவலி புதிதன்று. மாத்திரைக்கும் பயிற்சிக்கும் அது அடங்காதபோது, தண்டுவட உறைக்கு வெளியேயுள்ள இடைவெளியில் ஸ்டீராய்டு மருந்தை ஊசிவழிச் செலுத்துவர். எமக்கும் அந்த நாள் வந்தது. வலியினும், ஊசி வழிதவறுமோ என்றே அஞ்சினோம். சிக்னல் பாராமல் வண்டி விடுவதுண்டோ? அன்று கேட்டறிந்ததை உரைக்கின்றோம்.

ஊசிக்கு வழிகாட்டும் கண்கள் மூன்று. முதலாவது ஃப்ளூரோஸ்கோப்பி. 1895இல் ராண்ட்ஜென் கண்ட எக்ஸ்-கதிரை அது அசையும் படமாக்கும். சிறிது சாயம் செலுத்தினால், ஊசி இரத்தக்குழாயில் புகுந்ததா என்பதும் பெரும்பாலும் புலனாகும். இரண்டாவது சி.டி. ஊசிமுனையைக் குறுக்குவெட்டில் துல்லியமாகக் காட்டும். கதிர்வீச்சு பெரும்பாலும் மிகுதி. மூன்றாவது அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சே இல்லை; கருவுற்றோர்க்கு அது பெரும் ஆறுதல். ஆயினும் ஒலி எலும்பை எளிதில் ஊடுருவாது. பருத்த உடலில் படமும் மங்கும்.

ஆகவே, எல்லோர்க்கும் ஒரே கண் பொருந்தாது. "எதனால் பார்த்துச் செலுத்துவீர்கள்? ஏன்?" என்று மருத்துவரைத் தயங்காது கேளுங்கள். கர்ப்பம், சாய ஒவ்வாமை, இரத்தம் உறையாமைக்கு உண்ணும் மாத்திரை ஆகியவற்றை மறைக்காதீர்கள்.

ஊசி தருவது பெரும்பாலும் தற்காலிக நிவாரணமே. கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, ஊசிக்கு நாள் குறிக்காமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.