பாதரசமும் 53 வாக்குகளும்



கொதிகலன் புகையைச் சுத்தம் செய்கிற வேலை எனக்கு. அதனால் புகையைப் பற்றித்தான் பேச வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலக்கரியில் பாதரசம் துளியளவுதான். ஆனால் அது புகையோடு போய், ஏரியில் விழுந்து, மீனில் சேர்ந்து, கர்ப்பிணி சாப்பிட்டால் வயிற்றுக் குழந்தையின் மூளையைத் தொடும். அமெரிக்க அனல்மின் நிலையங்கள் இதில் சுமார் 90 சதவீதத்தைத் தடுத்தாக வேண்டும் என்று 2011 டிசம்பரில் விதி வந்தது. கரித்தூளைப் புகையில் ஊதி, பையில் வடிகட்டலாம், மாயமந்திரம் ஒன்றுமில்லை.

ஓக்லஹோமா செனட்டர் இன்ஹோஃப் அதை ரத்து செய்யத் தீர்மானம் கொண்டுவந்தார். 1996-ஆம் வருஷச் சட்டம் ஒன்று இதற்கு வழி விடுகிறது. அதில் ஒரு விஷமம் உண்டு, சார்! இரு சபையும் ஜனாதிபதியும் ஒப்பி ரத்தாகிவிட்டால், புதுச் சட்டம் போடாமல் அதே மாதிரி விதியைத் திரும்பக் கொண்டுவரவே முடியாது.

நான் அப்போது வேலைக்குப் புதுசு. அங்குள்ள நிலையம் ஒன்றுக்கான வடிகட்டி டிராயிங் எங்கள் ஆபீஸ் மேசையிலேயே கிடந்தது. "வாக்கெடுப்பு முடியட்டும்ப்பா" என்றார் மேலாளர்.

2012 ஜூன் 20. ஆதரவு 46, எதிர்ப்பு 53. நிலக்கரி மாநிலமான மேற்கு வர்ஜீனியாவின் ராக்ஃபெல்லரே, ஊரார் கோபிப்பார்கள் என்று தெரிந்தும், தீர்மானத்தை எதிர்த்துப் பேசினார். அதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

2015-ல் உச்ச நீதிமன்றம், செலவை முதலிலேயே எண்ணிப் பார்க்கவில்லை என்று விதியைக் குறை சொன்னது. அதற்குள் பெரும்பாலான நிலையங்களில் கருவி மாட்டியாயிற்று!

எங்கள் டிராயிங்கும் போனது. பைகளின் அளவைக் குறித்தவன் நான். அந்த ஊர் ஏரியை இன்னும் பார்த்ததில்லை.