வாய்வு என்று விட்டுவிடாதீர்கள்



மாரடைப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது சினிமாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரியும் ஆண்பிள்ளைதான். பெண்களுக்கும் நெஞ்சு வலி வரும். ஆனால் அதோடு சேர்ந்தும், சிலருக்கு அது இல்லாமலும், வேறு அறிகுறிகள் வருவதுண்டு. அவற்றைத்தான் நாம் 'வாய்வு' என்கிறோம்.

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்யும் ஓர் அம்மாள். வயது 52. சர்க்கரை நோய் உண்டு. மூன்று வாரமாகவே காரணமில்லாத அசதி. தண்ணீர்க் குடம் தூக்கினால் மூச்சு வாங்கும். "வயசாகுது, அதான்" என்று இருந்துவிட்டார். ஒரு நாள் விடியற்காலை தாடையில் வலி, முதுகின் மேற்பக்கம் இறுக்கம், குமட்டல், உடம்பெல்லாம் சில்லென்று வேர்வை. மருமகள் சோடா வாங்கிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். பல்வலியோ என்று கிராம்பு கூட வைத்தார்கள். அந்த அம்மாளுக்கோ, கம்பெனி பஸ் போயிடுச்சே, ஒரு நாள் சம்பளம் போச்சே என்ற கவலை! ஆஸ்பத்திரிக்கு வரும்போது மத்தியானம். இ.சி.ஜி. எடுத்ததும் மாரடைப்பு என்று தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. இன்று அவரால் மாடிப்படி ஏற முடியவில்லை.

சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு வலியே தெரியாமலும் மாரடைப்பு வரலாம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், மாதவிலக்கு நின்றவர்கள், வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் கொதிப்போ சர்க்கரையோ வந்து பிறகு சரியாகிவிட்டதா? அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது. இதை யாரும் கேட்பதுமில்லை, நாமும் சொல்வதுமில்லை.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் 1961-லேயே இதயத்தைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். வைத்தியம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நேரம் வீணாவது வீட்டில்தான். சந்தேகம் வந்தால் நடக்க வைக்காதீர்கள், பஸ்ஸில் ஏற்றாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

போன இடத்தில் "வெறும் வாய்வுதான்" என்று நோயாளியே சொல்லித் தட்டிக்கழிப்பார். கூடப் போகிறவர் கூச்சப்படாமல் கேளுங்கள்: "அம்மாவுக்கு ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பாருங்க."