விசைப்பலகை என்னும் வேலி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது வழக்கம். அதனை நம்மினும் நன்கு கற்றோர் இங்குப் பலர் இருக்க, நாம் அதில் தலையிடுவது முறையன்று. குமாஸ்தா உத்தியோகத்தில் இருக்கும் நமக்குச் சோறு போடுவது விசைப்பலகை. ஆகவே அதன் மூத்த உறவினர் ஒருவரைப் பற்றி, அஃதாவது பழைய அச்சுக்கூடங்களில் எழுத்துக் கோத்த யந்திரங்களின் விசைப்பலகையைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

இன்று அலுவலகக் கம்ப்யூட்டரிலும், நம் காலனிப் பிள்ளைகளின் கைபேசியிலும் ஆங்கில எழுத்து வரிசை ஒன்றே: க்யூ, டபிள்யூ, ஈ, ஆர், டீ, ஒய். இது 1870-களில் அமெரிக்க டைப்ரைட்டரோடு வந்தது. எங்கும் ஒன்றாய் இருப்பதால் அதனை இயற்கை நியதி என்றே எண்ணிவிடுகிறோம். எழுத்துக் கோக்கும் யந்திரங்களைச் செய்தவர்கள் எல்லோரும் அதனைப் பின்பற்றவில்லை.

1840-ஆம் ஆண்டில் யங், டெல்காம்பர் என்ற இருவர் உரிமம் பெற்ற யந்திரத்துக்கு, பியானோ வாத்தியத்தைப் போன்ற கட்டைகளை வைத்தார்கள். அதனை வாசிக்க, மன்னிக்கவும், இயக்கப் பெண்களை அமர்த்தினார்கள். கையால் எழுத்துக் கோத்துவந்த லண்டன் ஆடவர்கள் வெகுண்டெழுந்தார்கள்; குறைந்த கூலிக்குப் பெண்களை வைத்துத் தம் பிழைப்பில் மண் போடுகிறார்கள் என்பது அவர்களது முறையீடு. வரிகளின் நீளத்தைச் சரிசெய்ய இன்னொருவர் கை தேவைப்பட்ட அந்த யந்திரம் நெடுநாள் நிலைக்கவில்லை. முறையீடு மட்டும் நிலைத்தது.

பெய்ஜ் என்ற அமெரிக்கரின் யந்திரத்தில் 109 விசைகள். ஒரு சொல்லின் பல எழுத்துக்களை ஒரே அழுத்தில் கோக்கும் திறன் அதற்கு உண்டு. சுமார் 18,000 உறுப்புக்கள் கொண்ட அது ஓடிய நாளினும் பழுது பார்த்த நாளே அதிகம். எழுத்தாளர் மார்க் ட்வைன் தம் செல்வத்தையெல்லாம் அதில் கொட்டி, 1894-ஆம் ஆண்டில் கடனாளியாய் நின்றார்.

நாம் விரிவாகச் சொல்ல விரும்புவது லைனோடைப்பைப் பற்றியே. ஜெர்மனியில் பிறந்து, கடிகாரத் தொழில் கற்று, அமெரிக்கா சென்ற ஒட்மார் மெர்கன்தாலர் என்பவர் அதனை உருவாக்கினார். 1886-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகை அதனைக் கையாண்டது. பலகையில் 90 விசைகள். ஆறு வரிசை, வரிசைக்குப் பதினைந்து. இடப்புறம் சிறிய எழுத்துக்களுக்குக் கருநிற விசைகள். வலப்புறம் பெரிய எழுத்துக்களுக்கு வெண்ணிற விசைகள். நடுவில் எண்கள் முதலியவற்றுக்கு நீலநிற விசைகள். ஷிப்ட் என்ற விசையே இல்லை.

இடக்கோடியில் மேலிருந்து கீழாக ஈ, டீ, ஏ, ஓ, ஐ, என். அடுத்த நிரலில் எஸ், எச், ஆர், டி, எல், யூ. ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் எழுத்துக்கே முதலிடம். காரணம் உண்டு. விசையைத் தொட்டதும், மேலுள்ள பெட்டியிலிருந்து அவ்வெழுத்துப் பொறித்த பித்தளைத் துண்டு ஒன்று விழும். ஓடும் பட்டை ஒன்று அதனை இடப்புறத்தில் வரி சேரும் இடத்துக்குக் கொண்டு செல்லும். ஆகவே அடிக்கடி வேண்டுவது அருகில் இருந்தது. வரி நிறைந்தவுடன் உருகிய ஈயக் கலவை பாய்ந்து, வரி முழுவதும் ஒரே கட்டியாய் வார்ந்து விழும். பித்தளைத் துண்டுகள் மேலேறி, தம்மிடம் வெட்டிய பற்களின் அமைப்பால் பிரிந்து, தத்தம் அறையை அடையும். ஆயிரம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் தபால் வண்டிச் சிப்பந்திகூட அதன் வேகத்தைக் கண்டு வியப்பார்.

பிழையை அழிக்கும் விசை அதில் கிடையாது. பிழை செய்தவர் முதலிரு நிரல்களின்மேல் விரலை இழுத்து, வரியை நிரப்பி வார்த்துவிடுவார். பின்னர் அக்கட்டியை எறிந்துவிட வேண்டும். எறிய மறந்தால் மறுநாள் பத்திரிகையில் செய்திக்கு நடுவே 'எட்டாயின் ஷர்ட்லு' என்ற பொருளற்ற சொல் தோன்றும். அப்படித் தோன்றியது பலமுறை.

இனி வேலிக்கு வருவோம். டைப்ரைட்டரில் கை பழகியவர் லைனோடைப்பின் முன் அமர்ந்தால் எழுத்தறியாதவரே. அதனைக் கற்க நெடுங்காலப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சிக்கு வாயில் காத்தது தொழிற்சங்கம். பலகையின் அமைப்பே கோப்பாளரின் கூலியைக் காத்த வேலி ஆயிற்று. சிகாகோ நகரப் பத்திரிகைக் கோப்பாளர்கள் 1947 நவம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, முதலாளிகள் செய்தியை டைப் அடிக்கச் செய்து, அதனைப் புகைப்படம் பிடித்து அச்சிட்டார்கள். வேலி எவ்விடத்தில் பிளக்கும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

லண்டன் கோப்பாளர்களை நேரில் கண்டு ஆராய்ந்த சிந்தியா காக்பர்ன் என்ற அம்மையார், 1983-ஆம் ஆண்டில் 'பிரதர்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். 90 விசைகளை விட்டு டைப்ரைட்டர் பலகைக்கு மாறிய அவ்வாடவர்கள், பெண்கள் செய்யும் வேலைக்குத் தாழ்ந்துவிட்டதாக மனம் வெதும்பியதை அதில் காணலாம். அவர்களுடைய துயரம் மெய்யானது. அதனை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் பலகைக்கு ஆண், பெண் என்ற பேதம் ஏது? நம் வீட்டுப் பெண்களும் அலுவலகம் செல்லும் இந்நாளில், அவ்வேலியின் வெளியே நின்றவர்கள் யார் என்பதையும் நாம் கேட்கத்தானே வேண்டும்?

நியூயார்க் டைம்ஸ் நிர்வாகமும் கோப்பாளர் சங்கமும் 1974-ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. புதிய யந்திரங்கள் வரலாம். அப்போதிருந்த கோப்பாளர்களுக்கு ஆயுள் உள்ளவரை வேலை உண்டு. அதன்படி, 1978-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதிய இதழே ஈயத்தில் வார்த்த கடைசி இதழ். அப்பத்திரிகையில் பிழை திருத்துபவராயிருந்த டேவிட் லோப் வைஸ் என்பவர் அவ்விரவைத் திரைப்படமாக எடுத்தார். 'ஃபேர்வெல், எட்டாயின் ஷர்ட்லு' என்பது அதன் பெயர். ஈயம் கொதிக்கும் ஓசையும், பித்தளைத் துண்டுகள் விழும் ஓசையும் அதில் கேட்கும். பின்னர் அதே தொழிலாளர்கள் புதிய கூடத்தில் திரைகளின் முன் அமர்ந்து, க்யூ, டபிள்யூ, ஈ என்று தொடங்கும் பலகையில் விரல் வைப்பதையும் காணலாம்.