குடியொப்பமும் வேலைமொழியும்

(திங்கட் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்துவடிவம்)



விடுதலைக்கான குடியொப்பம், அதாவது பொதுவாக்கெடுப்பு, என்றவுடனே நம்மவர்க்குக் கொடியும் முழக்கமும் பேரணியுமே கண்முன் தோன்றுகின்றன. நானோ இன்று சம்பளத்தைப் பற்றியும், வைப்பகத்தைப் பற்றியும், கல்லூரியை விட்டு வெளிவரும் இளைஞனுக்கு எந்த மொழியில் வேலை கிடைக்கின்றது என்பதைப் பற்றியும் பேசவிருக்கின்றேன். சிலர்க்கு இது சுவையற்றதாகத் தோன்றலாம். பொறுத்தருள்க. ஒப்போலைப் பெட்டியின் வெற்றி தோல்விகள் பெரிதும் அங்கேதான் விளைகின்றன என்பது என் துணிபு.

கனடாவின் கியூபெக்கு மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு ஐவரில் நால்வர் பிரஞ்சு மொழியினர். ஆயினும், 1961ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைக் கொண்டு நடுவணரசின் இருமொழி ஆணையம் ஆராய்ந்தபொழுது, அம்மாநிலத்துப் பதினான்கு இனத்தாருள் பிரஞ்சின ஆடவரின் வருவாய் பன்னிரண்டாம் இடத்தில் இருந்தது தெரியவந்தது. தம் சொந்த மண்ணில், தாமே பெரும்பான்மையராய் இருந்த இடத்தில்! மொந்திரியால் நகரத்துப் பெருவைப்பகங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் ஆங்கிலம் பேசின. ஆலையில் கூலியாள் பிரஞ்சு பேசினான். அவனை ஏவியவன் ஆங்கிலம் பேசினான். பிரஞ்சில் பட்டம் பெற்றவனுக்கு மருத்துவம், வழக்குரைத்தல், திருச்சபை என்னும் வாயில்களே பெரிதும் திறந்திருந்தன. வாணிகத்தின் வாயிலில் வேறொரு மொழி காவல் நின்றது.

1960இல் இலெசாழ் தலைமையில் அமைந்த ஆட்சியில் இந்நிலை அசையத் தொடங்கியது. மின்னாற்றல் நிறுவனங்களை அரசுடைமையாக்குவதை முன்வைத்தே 1962இல் தேர்தல் நடந்தது. அதனை முன்னின்று வலியுறுத்தியவர் அன்று அமைச்சராயிருந்த இரெனே இலெவெக்கு. மனிக்குவாகன் ஆற்றின் குறுக்கே எழுந்து 1968இல் முடிவுற்ற பேரணையில் பொறியாளர்கள் பிரஞ்சிலேயே வரைந்தனர், பிரஞ்சிலேயே கணித்தனர். பெரும் பொறிப்பணிக்கு அம்மொழி உதவாது என்று உதட்டைப் பிதுக்கியவர்க்கு அவ்வணையே விடையாயிற்று.

அதே 1968இல் இலெவெக்கு தனிக்கட்சி கண்டார். 1976இல் ஆட்சியைப் பிடித்தார். 1977இல் வந்தது பிரஞ்சு மொழிச் சட்டம். கடைப்பலகைகளைப் பற்றிய பகுதியை மட்டுமே உலகம் பேசிற்று. எனக்கோ வேறிரண்டு விதிகளே பெரியனவாகத் தோன்றுகின்றன. பிரஞ்சு தவிர வேறு மொழி தெரியவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை வேலையினின்று நீக்கக் கூடாது என்பது ஒன்று. அப்பணிக்கு உண்மையிலேயே தேவைப்பட்டாலன்றி வேறு மொழியறிவை வேலைக்குத் தகுதியாகக் கேட்கக் கூடாது என்பது மற்றொன்று. ஐம்பது பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனங்கள் தங்கள் பணிமொழி பிரஞ்சே என்று சான்று பெறவும் வேண்டியதாயிற்று. வேலை விளம்பரங்களை நாள்தோறும் படித்துப் பெருமூச்செறியும் நம் இளைஞர்கள் இதனைக் கூர்ந்து எண்ணுவார்களாக!

வாணிகம் வாளாவிருக்கவில்லை. 1978 சனவரியில் சன் இலைபு என்னும் பெருங்காப்பீட்டு நிறுவனம் தன் தலைமையகத்தைத் தொராண்டோவுக்கு மாற்றப் போவதாக அறிவித்தது. மொழிச்சட்டத்தையே கரணியமாகவும் காட்டியது. முதல் போனால் வேலை போகும் என்னும் அச்சம் பரவிற்று. 1980 மே 20இல் நடந்த குடியொப்பத்தில் ஆம் என்றவர் 40.44 விழுக்காட்டினர், அல்ல என்றவர் 59.56 விழுக்காட்டினர். விடுதலையைக்கூட அன்று நேராகக் கேட்கவில்லை. அதுபற்றிப் பேச்சு நடத்த இசைவுதான் கேட்டனர். அதற்கே இத்தனை அச்சம்!

இனி நம்பிக்கையைப் பற்றி. 'அல்ல' என்று ஒப்பம் அளித்தால் அரசியல் அமைப்பே புதுப்பிக்கப்படும் என்று நடுவணரசின் தலைமையமைச்சர் துருதோ அன்று உறுதி கூறினார். 1982இல் அமைப்புச் சட்டம் புதுப்பிக்கவும்பட்டது; ஆனால் கியூபெக்கின் இசைவின்றி! அதனை ஈடுசெய்ய வந்த உடன்பாடும் 1990இல் முறிந்தது. சொல் பிறழ்ந்ததன் விலை அடுத்த ஒப்பத்தில் தெரிந்தது. 1995 அக்தோபர் 30இல் ஆம் என்றவர் 49.42 விழுக்காட்டினர்; அல்ல என்றவர் 50.58 விழுக்காட்டினர். வேற்றுமை 54,288 ஒப்போலைகளே. செல்லாதவையென ஒதுக்கப்பட்டவையோ 86,000க்கு மேற்பட்டவை! அவ்வெண்ணிக்கை இன்றும் பலர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கின்றது.

ஆயினும், நமக்கு உவப்பானதை மட்டும் எடுத்துரைத்துவிட்டு இறங்கிவிட எனக்கு மனமில்லை. தோல்வி தெரிந்த அன்றிரவே மாநில முதல்வர் பாரிசோ, பணமும் வேற்றினத்தார் ஒப்பமுமே தம்மை வீழ்த்தின என்று மேடையில் கூறினார். மறுநாளே பதவி விலகலை அறிவித்தார். அச்சொல் பெரும்பிழை. தம்மோடு வாழப்போகும் சிறுபான்மையரின் நம்பிக்கையைப் பெறாதவர், அதைப் பெறாமற்போனது யார் பிழை என்று முதலில் தம்மையன்றோ கேட்டிருக்க வேண்டும்? அம்மாநிலத்தின் வடபுலத்தில் வாழும் கிரீ என்னும் தொல்குடியினர், அதற்குச் சில நாள்கள் முன்னர்த் தாமே தனியொரு குடியொப்பம் நடத்தி, நூற்றுக்குத் தொண்ணூற்றறுவர்க்கு மேல் பிரிவினைக்கு உடன்படோம் என்றனர். தம் உரிமையைக் கேட்டவர், அதே உரிமையைக் கிரீ மக்கள் கேட்டபொழுது தடுமாறினர்.

வென்ற தரப்பு மட்டும் நேரிதாக நடந்ததா? ஒற்றுமையை வளர்க்கிறோம் என்று கியூபெக்கில் விளம்பரங்களுக்குப் பொதுப்பணம் கொட்டப்பட்டது. 2004இல் தலைமைத் தணிக்கையர் சீலா பிரேசர் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏறத்தாழ 25 கோடித் தாலர் செலவில் 10 கோடிக்கு மேல் விளம்பர நிறுவனங்களுக்குக் கூலியாகவும் தரகாகவும் போயிருந்தது. கோமரி என்னும் நடுவர் உசாவினார். 2006 தேர்தலில் அவ்வாளுங்கட்சி வீழ்ந்தது.

மூன்றாம் குடியொப்பம் இன்னும் நடைபெறவில்லை. மொழிச்சட்டமோ தளரவில்லை. 2022இல் அதனைத் திருத்தி, இருபத்தைந்து பேர் பணியாற்றும் நிறுவனங்களும் சான்று பெற வேண்டும் என்றனர். அவ்விதி 2025 சூன் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. இசுக்காட்லாந்தின் 2014ஆம் ஆண்டுக் குடியொப்பத்தையும், அதில் வைப்பகங்கள் விடுத்த எச்சரிக்கைகளையும் பற்றிக் கூற எண்ணியிருந்தேன். தலைவர் கடிகையைக் காட்டுகின்றார். அதனை அடுத்த திங்கள் பார்ப்போம். கேட்க விரும்புவோர் இனிக் கேட்கலாம்.