கண் எழுதும் மின் கடிதம்



என் தமையனார் நாளிதழின் பொடி எழுத்தையும் தடையின்றிப் படித்தவர். ஆயினும் பக்கவாட்டில் வந்த மிதிவண்டி அவருக்குப் புலப்படாமற் போயிற்று. சோதித்த மருத்துவர், கண்நீர் அழுத்த நோய் பார்வை நரம்பை அரித்துவிட்டது என்றார். எழுத்தைப் படிக்கும் கண்ணிலும் பழுது ஒளிந்திருக்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அப்பழுதை அளந்தறியும் வழி ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

ஒளி பட்டவுடன் விழித்திரையில் மின்மாற்றம் எழுகிறது. இதனை 1865இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஹோல்ம்கிரென் கண்டறிந்தார். பின்னர், பளிச்சிடும் ஒளியைக் காட்டி இதனை அளக்கும் சோதனை மருத்துவத்திற்கு வந்தது. அதில் ஒரு குறை உண்டு. ஒளியை ஏற்கும் செல்களும் அவற்றை அடுத்த செல்களுமே அங்கே பெரிதும் பேசுகின்றன. மூளைக்குச் செய்தி அனுப்பும் கேங்கிலியான் செல்கள் மடிந்தபோதும் அந்த அளவு பெரிதாக மாறுவதில்லை.

ஆகவே அறிஞர்கள் சதுரங்கப் பலகை போன்ற படத்தைக் காட்டினர். கறுப்புக் கட்டம் வெள்ளையாகும். வெள்ளைக் கட்டம் கறுப்பாகும். மொத்த ஒளியோ மாறாது. 1981இல் இத்தாலியின் பீசா நகரைச் சேர்ந்த மாஃபெய், ஃபியொரென்தினி ஆகிய இருவர், பூனையின் பார்வை நரம்பைத் துண்டித்து ஆராய்ந்தனர். கேங்கிலியான் செல்கள் அழிய அழிய, கறுப்பு வெள்ளை மாறிமாறி வரும் கோட்டுப்படத்திற்கான மின்குறி மறைந்தது. பளிச்சொளிக்கான குறியோ நிலைத்து நின்றது. எது எவருடைய குரல் என்பது தெளிவாயிற்று.

அக்குரல் மிக மெல்லியது. சில மைக்ரோவோல்ட் அளவே. ஒரு மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இமைத்தால் எழும் மின்சாரமே அதனை மூழ்கடித்துவிடும். எனவே நூறு முறைக்கும் மேலாகப் பதிவு செய்து, கணிப்பொறியால் சராசரி காண்கின்றனர். தாறுமாறான இரைச்சல் தேய்கிறது; ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் குறி நிற்கிறது. கட்டம் மாறிய ஏறத்தாழ 50 மில்லி வினாடியில் ஓர் ஏற்றமும், 95 மில்லி வினாடியில் ஓர் இறக்கமும் தோன்றும். அவ்விறக்கம் சுருங்கினால் கேங்கிலியான் செல்கள் நலிந்தன என ஐயுறலாம்.

இளைஞர்களே! இச்சோதனை எல்லா ஊரிலும் கிட்டாது. ஆனால் கண்ணழுத்தம், பார்வை நரம்பு, பக்கப் பார்வை ஆகியவற்றைக் கண் மருத்துவர் சோதிக்க இயலும். இந்நோயால் இழந்த பார்வை மீளாது, எஞ்சியதைக் காக்கலாம். உடன்பிறந்தாருக்கும் மக்களுக்கும் இது வரும் வாய்ப்பு மிகுதி. என் தமையனாருக்குப் பின் நானும் சென்று சோதித்துக்கொண்டேன். உங்கள் இல்லத்தில் நாற்பதைக் கடந்தோரை, "நன்றாகத்தானே தெரிகிறது" என அவர்கள் மறுத்தாலும், கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.